செப்படி வித்தை: பந்து எப்போது உள்ளே போகிறது?

மாயாஜாலக்காரர், கண்கட்டி வித்தைக்காரர் என்றெல்லாம் சொல்கிறோம். 'செப்பிடு வித்தைக்காரர்' என்ற பெயர்தான் கையிலிருக்கும் கருவியையே காட்டிக்கொடுக்கிறது. பேச்சில் அது செப்படி வித்தையாகிவிட்டது. செப்பு என்றால் சிமிழ், சின்னக் கிண்ணம். அதைக் கவிழ்த்து வைத்து, அடியில் பந்தை வரவும் மறையவும் வைப்பதுதான் இந்த வித்தை. குழந்தைகளின் சொப்புச் சாமானும் இந்தச் செப்புதான்.

ரோமானியர்களும் இப்படியே பெயர் வைத்தார்கள். லத்தீனில் வித்தைக்காரர் 'அசெடாபுலாரியஸ்'; அசெடாபுலம் என்பது காடி (வினிகர்) ஊற்றி வைக்கும் சிறு கிண்ணம். (மருத்துவ மாணவர்களுக்கு அதே சொல் தொடையெலும்பின் தலை பொருந்தும் இடுப்புக்குழி.) துருக்கியில் 'ஹொக்காபாஸ்', அதாவது சிமிழை வைத்து ஆடுபவர். முதலாம் நூற்றாண்டில் ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா ஒரு கடிதத்தில் இந்தக் கிண்ணங்களையும் கூழாங்கற்களையும் குறிப்பிட்டு, ஏமாறுவதே சுகம், சூட்சுமம் தெரிந்தால் சுவை போய்விடும் என்கிறார். அவர் சொன்னாலும் சூட்சுமத்தைப் பார்த்துவிடுவோம்.

நம் நாட்டுச் செப்பு மரத்தில் கடைந்தது, உச்சியில் குமிழ் உள்ளது. தரையில் சம்மணமிட்டிருக்கும் வித்தைக்காரர் குமிழை இரு விரல்களின் இடுக்கில் பிடித்துத் தூக்குவார். மற்ற விரல்கள் செப்பின் விளிம்பை ஒட்டியே இருக்கும். விரல் மடிப்பில் ஒளிந்திருக்கும் துணிப்பந்தை, செப்பைக் கீழே வைக்கிற அதே அசைவில் உள்ளே தள்ளிவிடுவார். நமக்குக் காட்டியது மூன்று பந்து என்றால் நமக்குத் தெரியாத நான்காவது ஒன்று உண்டு. அதனால் அவர் எப்போதும் ஒரு படி முன்னே இருக்கிறார். 'பந்தே, உள்ளே போ' என்று கோலால் தட்டும்போது பந்து எப்போதோ போய்விட்டது. தட்டுவது, ஊதுவது எல்லாம் வெறும் பாவனை.

சரி, இத்தனை பக்கத்தில் உட்கார்ந்தும் ஏன் தெரிவதில்லை? 2006இல் குஸ்டாவ் குன், மைக்கேல் லேண்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வில் வித்தைக்காரர் பந்தை மேலே எறிவதுபோல் பாசாங்கு செய்தார். பந்து கையிலேயே இருந்தது. எறிந்த திசையில் அவர் பார்வையும் போனபோது, பந்து மேலே பறந்ததைப் பார்த்ததாகவே பார்வையாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஏமாந்தவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். பார்வையாளர்களின் கண்ணசைவையும் பதிவு செய்திருந்தார்கள். பந்து 'பறந்த' இடத்துக்குக் கண்கள் பெரும்பாலும் போகவே இல்லை. முதலில் அவர் முகத்துக்குத்தான் போயிருந்தன.

அமெரிக்காவின் மாயாஜால ஜோடி பென், டெல்லர் இதே வித்தையைக் கண்ணாடிபோல் தெளிந்த கிண்ணங்களில் செய்கிறார்கள். எல்லாம் தெரிகிறது, ஆனாலும் பின்தொடர முடிவதில்லை.