மரம், கிளை, கூடை: துகள் தரவை வரைபடமாக்கும்போது எதை எண்ணுகிறோம்?

சேலத்து மாம்பழ மண்டியில் எத்தனை கூடை என்பது ஒரு கணக்கு, எத்தனை பழம் என்பது வேறு கணக்கு. துகள் இயற்பியலில் மோதல் நிகழ்வு ஒரு கூடை, அதில் வந்த துகள்கள் பழங்கள். கோப்பைத் திறந்து முதல் வரைபடம் போடுகிற மாணவர் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கையில் எடுக்க நல்ல கோப்பு ஒன்று உண்டு. ஜெனீவா அருகே உள்ள சேர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் திறந்த தரவுத் தளத்தில், துகள் மோதல்களைப் பதியும் சி.எம்.எஸ். கருவி 2012-இல் பதிந்த மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, அதைவிடக் கனமான துகள்) தரவு சுமார் 2 ஜி.பி. அளவில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 6 கோடிக்கும் மேற்பட்ட மோதல் நிகழ்வுகள். சேலத்துக் கல்லூரி ஆய்வகத்தின் சாதாரணக் கணினியே போதும். திறக்கும் மென்பொருள் ரூட். 1990-களின் நடுவில் ரெனே புரூன், ஃபான்ஸ் ராடமேக்கர்ஸ் இருவரும் சேர்னில் தொடங்கியது.

ரூட் தன் தரவு அமைப்புக்கு மரம் என்றே பெயர் வைத்திருக்கிறது. மியூவான்களின் எண்ணிக்கை ஒரு கிளை, குறுக்கு உந்தம் (மோதும் கற்றைக்குச் செங்குத்தான திசையில் உள்ள உந்தம், இனி வெறுமனே உந்தம்) ஒரு கிளை, மின்னூட்டம் ஒரு கிளை. ஒவ்வொரு கிளையின் மதிப்புகளும் தனித்தனிக் கூடையில் சேரும். கூடை என்பதும் ரூட்டின் சொந்தச் சொல்தான், மண்டிக் கூடையோடு குழப்ப வேண்டாம்; வழக்கமான கொள்ளளவு 32,000 பைட். நிறைந்ததும் சுருக்கி வட்டில் எழுதப்படும். உந்தத்தை மட்டும் வரைந்தால் அந்தக் கிளையின் கூடைகள் மட்டுமே படித்து விரிக்கப்படும். வேகத்துக்குக் காரணம் இதுதான்.

சில கோப்புகளில் நிகழ்வு முழு ஆப்ஜெக்டாகவே (மதிப்புகளான உறுப்புகளும் அவற்றைக் கையாளும் செயற்கூறுகளும் சேர்ந்த தொகுப்பு) சேமிக்கப்பட்டிருக்கும். ஆப்ஜெக்டை எவ்வளவு ஆழம் பிரிப்பது என்று சொல்லும் பிரிப்பு அளவு வழக்கமான 99-இல் இருந்தால் உள்ளே இருக்கும் உறுப்புகள் துணைக் கிளைகளாகும். 0 என்றால் எல்லாம் ஒரே மூட்டை. வரையும் கட்டளையான டிராவில் உறுப்பின் பெயரைத் தந்தால் சிக்கல் இல்லை. உந்தத்தைக் கணக்கிட்டுத் தரும் செயற்கூறின் பெயரைத் தந்தால், ரூட் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஆப்ஜெக்டை உருவாக்கியாக வேண்டும். அந்த ஆப்ஜெக்டின் வகுப்பு எப்படி அமைந்தது என்று ரூட்டுக்குச் சொல்லும் அகராதி அடங்கிய நிரல் நூலகமும் முன்பே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பிழைச் செய்தி வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் அப்போது மீண்டும் தரவிறக்குகிறார்கள். கோப்பு நன்றாகவே இருக்கிறது. உறுப்புகளின் விவரம் கோப்பிலேயே எழுதியிருப்பதால் அவற்றை அப்போதும் வரையலாம். வரைவதற்கு முன் மரத்தின் பிரிண்ட் கட்டளையைக் கொடுத்துக் கிளைகளைப் பார்த்துவிடுங்கள்.

இனி எண்ணிக்கை. உந்தத்தை வரையச் சொன்னால் நிகழ்வுக்கு ஒன்று அல்ல, மியூவானுக்கு ஒன்று பதிவாகும். முதல் மியூவான் மட்டும் வேண்டுமென்றால் பெயருக்குப் பின் சதுர அடைப்பில் 0 போட வேண்டும். மியூவானே இல்லாத நிகழ்வை டிரா கட்டளை தானே தாண்டிவிடும். ரூட்டின் இன்னொரு பகுப்பாய்வுக் கருவியான ஆர்டேட்டாஃபிரேமில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே மியூவான் இல்லாத நிகழ்வுகளை முதலில் வடிகட்டாவிட்டால் குப்பை மதிப்பு வரும்.

இதைவிட நுட்பமான பிழை தேர்வு நிபந்தனையில், அதாவது எந்த நிகழ்வுகளை வரைவது என்று சொல்லும் நிபந்தனையில் இருக்கிறது. டிரா கட்டளை நிபந்தனையின் மதிப்பை எடையாகப் பெருக்குகிறது. 'மியூவான் எண்ணிக்கை 0-ஐ விடப் பெரியது' என்று எழுதினால் விடை 1 அல்லது 0. வெறும் எண்ணிக்கையை மட்டும் எழுதினால், 3 மியூவான் உள்ள நிகழ்வின் ஒவ்வொரு பதிவும் 3 எடையோடு ஏறும். பிழைச் செய்தி வராது. வரைபடம் பார்க்க அழகாகவே இருக்கும்.

வரைபடத்தின் அச்சைப் பிரிக்கும் கட்டங்களை நீங்களே சொல்லிவிடுவது நல்லது. ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையைச் சலிக்கும்போது சல்லடைத் துளையின் அளவுதான் தரத்தை முடிவு செய்கிறது, இங்கும் அப்படித்தான். சொல்லாவிட்டால் ரூட் 100 கட்டங்களை எடுத்துக்கொண்டு எல்லையைத் தானே வைக்கும். மிக அதிக உந்தத்தோடு ஒரே ஒரு மியூவான் இருந்தாலும் அச்சு நீண்டு, மற்றவையெல்லாம் இடது ஓரத்தில் நெருக்கியடிக்கும்.

இரண்டு மியூவான்களாகச் சிதையக்கூடிய இசட் துகளைத் தேடுவோம். சரியாக 2 மியூவான், எதிரெதிர் மின்னூட்டம்; நிறை அச்சில் 60 முதல் 120 ஜி.இ.வி. (துகள்களின் ஆற்றல், நிறை, உந்தத்துக்கான அலகு) வரை 60 கட்டங்கள். ஈட்டா என்பது மியூவான் கற்றைக்கு எவ்வளவு சாய்ந்து பறக்கிறது என்பதன் அளவு, ஃபை என்பது கற்றையைச் சுற்றிய கோணம். நிறையின் வர்க்கம் என்பது இரு உந்தங்களின் பெருக்கலின் 2 மடங்கை, ஈட்டா வித்தியாசத்தின் காஷ் மதிப்பிலிருந்து ஃபை வித்தியாசத்தின் காஸ் மதிப்பைக் கழித்து வருவதால் பெருக்கினால் கிடைப்பது. 45.6 ஜி.இ.வி. உந்தமுள்ள இரண்டு மியூவான்கள் ஈட்டா வித்தியாசம் இல்லாமல் நேரெதிராகப் பறந்தால் கழித்து வருவது 2, நிறை 91.2. வரைபடத்தின் முகடும் அங்கேதான் எழும். காஸ் தானே சுழல்வதால் இங்கே ஃபை தொல்லை தராது. ஃபை வித்தியாசத்தையே வரையும்போது மட்டும் முழுச்சுற்றைக் கழித்துச் சரிசெய்ய வேண்டும்.

கோப்பை மூடியதும் வரைபடம் மறைந்துவிட்டதா? திறந்திருந்த கோப்பே அதன் உரிமையாளர், அதோடு சேர்ந்து அழிந்திருக்கிறது. மூடும் முன் வரைபடத்தின் செட்டைரக்டரி கட்டளைக்கு 0 கொடுத்து அதைக் கோப்பிலிருந்து விடுவியுங்கள்.