முதலில் மார்க்‌ஷீட், அப்புறம்தான் வீடியோ: ஐரோப்பிய இளம் கூடைப்பந்து வீரர்களைத் தேர்வு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்காக ஐரோப்பாவில் ஆள் தேடும் வேலை ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு இருந்த மாதிரி இப்போது இல்லை. 2021 ஜூலையில் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம் என்று, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு இறங்கி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்துக்குப் பிறகு, கல்லூரியே வீரருக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றாகிவிட்டது. 2025-26இல் ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிரலாம். அதனால், முன்பு ஐரோப்பிய கிளப்பை விட்டு நகராத 19, 20 வயதுப் பையன்களும் இப்போது கல்லூரிக்குக் கிளம்புகிறார்கள். பார்சிலோனாவிலிருந்து இலினாய் கல்லூரிக்குப் போன லிதுவேனியக் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) காஸ்பராஸ் யாகுசோனிஸ், ரியல் மாட்ரிட்டிலிருந்து பி.ஒய்.யு. கல்லூரிக்குப் போன ரஷ்யர் யெகோர் டியோமின் இருவரும் ஒரே ஒரு கல்லூரி சீசன் ஆடிவிட்டு என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் 2025 டிராஃப்டின் முதல் சுற்றில் போனார்கள்.

பணம் வந்ததும் தேடுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். இவர்களில் பலர் வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வீடியோ பார்ப்பது, பையனைப் பிடித்துப்போவது, கோச்சிடம் சொல்லி ஆசை காட்டுவது, கடைசியில் காகிதம் கேட்பது. பையன் ஆட முடியாது என்பது அப்போதுதான் தெரியும். வீடியோவைத் தொடும் முன்பே மூன்று காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்: பிறந்த தேதிச் சான்று, ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண் பட்டியல்கள், கிளப்புடனும் முகவருடனும் போட்ட ஒப்பந்தங்கள்.

மதிப்பெண் பட்டியலில் பார்க்க வேண்டியது மதிப்பெண்ணை விட முதலில் தேதி. கல்லூரி விளையாட்டின் மேல் நிலையான டிவிஷன் ஒன்றின் விதிப்படி, வீரர் தன் நாட்டுப் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டிய தேதியிலிருந்து ஓராண்டுக்குள் கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர வேண்டும். அதைத் தாண்டியும் கிளப்புக்காக ஆடிக்கொண்டிருந்தால், தாண்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும், கல்லூரியில் ஆடக் கிடைக்கும் நான்கு சீசன்களில் ஒன்று கழியும்; சேர்ந்த முதல் ஆண்டு வெளியே உட்கார வேண்டியும் வரலாம். ‘முடித்திருக்க வேண்டிய தேதி’ என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பையன் ஒரு வருடம் தேறாமல் மறுபடி படித்தாலும், பயிற்சிக்காகப் படிப்பை இரண்டாண்டு இழுத்தடித்தாலும், அந்தக் கடிகாரம் நிற்காது. கணக்கும் நாட்டுக்கு நாடு வேறு. ஸ்பெயினில் பச்சியெராத்தோ என்ற மேல்நிலைப் படிப்பு 18 வயதில் முடியும். இத்தாலியில் லிச்செயோ என்ற ஐந்தாண்டு மேல்நிலைப் படிப்பு 19இல் முடியும். ஒரே வயதுப் பையன்கள் இருவரில் ஒருவனுக்கு நான்கு சீசனும் இன்னொருவனுக்கு மூன்றும் கிடைப்பது இப்படித்தான். விதிகளும் இப்போது அடிக்கடி மாறுகின்றன. போன ஆண்டு ஒருவருக்குக் கிடைத்த அனுமதியை வைத்து இந்த ஆண்டுப் பையனுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது.

அடுத்து பாடங்கள். என்.சி.ஏ.ஏ. கேட்பது 16 அடிப்படைப் பாடங்கள். அவற்றில் சராசரி நான்குக்கு 2.3 வேண்டும். தாய்மொழிப் பாடம் ஆங்கிலப் பாடத்தின் இடத்தில் கணக்காகும் என்பதால் மொழியில் பிரச்சினை வருவது குறைவு. இடிப்பது கணிதமும் அறிவியலும்தான். கிளப் விடுதியில் தங்கி ஆடும் பையன்களில் பலர் தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு மாற்றப்பட்டிருப்பார்கள். அங்கே படித்த ‘விளையாட்டு மேலாண்மை’ போன்ற பாடங்கள் அடிப்படைப் பாடமாகச் சேராது. கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வை என்.சி.ஏ.ஏ. 2023இல் கைவிட்டுவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் தனியாக ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கேட்கும். அதை வசந்த காலத்துக்குத் தள்ளிவிட்டால் சேர்க்கையே தாமதமாகும். குரோஷியச் சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான வீரர்) ஸ்வொனிமிர் இவிசிச் 2023 அக்டோபரில்தான் கென்டக்கி கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். என்.சி.ஏ.ஏ. அனுமதி கிடைத்து முதல் ஆட்டம் ஆடியது 2024 ஜனவரி 20 அன்று. நவம்பரில் தொடங்கிய சீசனில் பாதி அதற்குள் முடிந்திருந்தது.

ஒப்பந்தம் என்றதும் எனெஸ் கான்டரின் பெயர்தான் நினைவுக்கு வரும். துருக்கியின் ஃபெனர்பாசேயில் ஆடிவிட்டு 2010இல் கென்டக்கி வந்தவர். உணவு, தங்குமிடம், பயிற்சி போன்ற அவசியச் செலவுக்கு மேல் 33,033 டாலர் பெற்றிருக்கிறார் என்று கணக்குப் போட்டு, கல்லூரி ஆட்டத்துக்கு நிரந்தரமாகத் தகுதியில்லை என்று என்.சி.ஏ.ஏ. தீர்ப்புச் சொன்னது. ஒரு கல்லூரி ஆட்டம்கூட ஆடாமல் 2011 டிராஃப்டில் மூன்றாவதாகப் போனார். டொமாண்டஸ் சபோனிஸ் 2014இல் கொன்சாகா கல்லூரிக்குப் போகும் முன், ஸ்பெயினின் உனிகாஹா மலாகா கிளப்பின் முதல் அணியில் சம்பளம் வாங்காமல் ஆடியது இந்தப் பயத்தில்தான். இன்றைக்குத் தொழில்முறை ஒப்பந்தம் இருந்தது என்பதற்காக மட்டும் கதவு மூடுவதில்லை. பார்சிலோனாவில் ஆடியவரும் 2023 டிராஃப்டில் 31ஆவதாக எடுக்கப்பட்டவருமான நைஜீரியர் ஜேம்ஸ் நாஜி, 2025 டிசம்பரில் பெய்லர் கல்லூரியில் சேர்ந்தார். ஆனாலும் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகத்தான் பார்க்கப்படுகிறது. எந்த மாதம் எவ்வளவு வந்தது, வாடகையை யார் கட்டினார்கள், கார் யார் பெயரில் இருக்கிறது என்பதை வங்கிக் கணக்கோடு எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகைப் பகுதியை (பையனை விடக் கிளப்புக்குத் தர வேண்டிய பணம்) வார்த்தை வார்த்தையாகப் படிக்க வேண்டும். என்.பி.ஏ.வுக்குப் போனால் ஒரு தொகை, கல்லூரிக்குப் போனால் வேறொரு தொகை என்று இருக்கலாம். கல்லூரியைப் பற்றிப் பேச்சே இல்லாமலும் இருக்கலாம். பேச்சில்லை என்றால் சும்மா விட்டுவிடுவார்கள் என்று அர்த்தமில்லை, கிளப் கேட்கிற தொகைதான் விலை. எந்தத் தேதிக்குள் அறிவிக்க வேண்டும், தொகையை யார் பெயரில் கட்ட வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்பானியச் சென்டர் அடாய் மாரா 2023இல் யு.சி.எல்.ஏ. கல்லூரிக்குப் போகும் முன் அவருடைய சரகோசா கிளப்போடு ஒப்பந்தத் தகராறு முடிய வேண்டியிருந்தது. முகவர் ஒப்பந்தமும் அப்படித்தான். ஐரோப்பாவில் 15, 16 வயதிலேயே முகவர் வந்துவிடுவார். பெற்றோர் அதை மறைப்பது கெட்ட எண்ணத்தால் அல்ல. கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்ற பயத்தால். மறைத்தது பின்னால் தெரிந்தால்தான் வாய்ப்பு உண்மையில் போகும். இதில் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ‘கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்பவரிடம், எந்தக் கல்லூரியின் எந்த உதவிக் கோச் என்று பெயர் கேளுங்கள். பிறகு அந்தக் கல்லூரியின் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.

எங்கே பார்ப்பது?

இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். ஜனவரி முதல் வாரத்தில் பார்சிலோனாவை ஒட்டிய லோஸ்பிதலெட்டின் ஜூனியர் போட்டி, ஐரோப்பாவின் பெரிய கிளப் லீக்கான யூரோலீக் நடத்தும் 18 வயதுக்குட்பட்டோர் போட்டி, மான்ஹைமில் ஆல்பர்ட் ஷ்வைட்சர் போட்டி, கோடையில் உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் 16, 18, 20 வயதுக்குட்பட்ட யூரோபாஸ்கெட்டுகள் (ஐரோப்பியத் தேசிய அணிகளின் போட்டிகள்). கூட்டம் மொய்ப்பது இங்கேதான். பட்ஜெட் குறைந்த கல்லூரிக்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் பெரிய கல்லூரிகள் விட்டுவைத்த மிச்சம். பதிலாக யூரோபாஸ்கெட்டின் இரண்டாம் நிலையான டிவிஷன் பி போட்டிகளையும், பெரியவர்களின் இரண்டாம் மூன்றாம் நிலை லீக்குகளையும் பார்ப்பது பயன் தரும். ஜெர்மனியின் புரோ ஏ, புரோ பி, ஸ்பெயினின் கீழ் லீக்குகள், லிதுவேனியாவின் என்.கே.எல்., பாரிசின் இன்செப் தேசியப் பயிற்சி மையத்துப் பையன்கள் பெரியவர்களோடு மோதும் பிரெஞ்சு மூன்றாம் நிலை லீக் ஆகியவை அப்படிப்பட்டவை. முப்பது வயதுக்காரன் தோளால் இடிக்கும்போது 18 வயதுப் பையன் பந்தை விடுகிறானா என்பது ஜூனியர் ஆட்டத்தில் தெரியவே தெரியாது. பெரியவர்கள் லீக்கில் அவன் ஆடும் எட்டு நிமிடம், ஜூனியர் லீக்கில் ஆடும் முப்பது நிமிடத்தை விட அதிகம் சொல்லும்.

எண்களை எப்படிப் படிப்பது?

ஏமாற்றுவதில் முதலிடம் மூன்று புள்ளி விகிதத்துக்கு. 18 வயதுக்குட்பட்டோர் யூரோபாஸ்கெட் டிவிஷன் ஏ-யில் 16 அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்பது நாளில் ஏழு ஆட்டம். ஒரு பையன் ஆட்டத்துக்கு நான்கு முறை தூரத்திலிருந்து எறிந்தால் மொத்தம் 28. அதில் 10 விழுந்தால் 35.7 சதவீதம், 12 விழுந்தால் 42.9, 8 விழுந்தால் 28.6. ‘அபார ஷூட்டர்’ என்பதற்கும் ‘ஷாட்டே இல்லை’ என்பதற்கும் நடுவில் இருப்பது நான்கே பந்து. இதை நம்பி யாருக்கும் பணம் தரக் கூடாது. இரண்டு சீசனின் எல்லா லீக்குகளையும் கூட்டி, குறைந்தது 150 எறிதலாவது சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃப்ரீ த்ரோ (தவறுக்குப் பின் யாரும் தடுக்காமல் எறிவது) விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று புள்ளியில் 40 சதவீதமும் ஃப்ரீ த்ரோவில் 60 சதவீதமும் இருந்தால் ஃப்ரீ த்ரோவை நம்புங்கள்.

அடுத்தது அணியின் ஆட்டத்தில் அவனுடைய பங்கு. களத்தில் எறிந்தவை, ஃப்ரீ த்ரோக்களில் 0.44 பங்கு, டர்ன்ஓவர் (எதிரணியிடம் பந்தை இழந்தவை) மூன்றையும் கூட்டினால் அவன் முடித்த பொசஷன்கள், அதாவது அவன் கையில் முடிந்த அணியின் தாக்குதல்கள் கிடைக்கும். அதை அவன் ஆடிய நிமிடங்களோடு ஒப்பிட வேண்டும். பலவீனமான தேசிய அணியில் எல்லாப் பந்தும் ஒருவன் கைக்கே போகும். அங்கே 20 புள்ளி எடுப்பவன், கல்லூரியில் மூன்றாவது ஆளாக மூலையில் நிற்கும்போது என்ன செய்வான் என்பதுதான் கேள்வி. பலமான கிளப்பில் ஆறு புள்ளி எடுக்கும் பையனிடம் இதற்கான பதில் ஏற்கெனவே இருக்கும். பிறகு 30 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களை எடுத்துவிட்டு மறுபடி கணக்கிட வேண்டும். சிலருடைய எண்கள் அப்போது பாதியாகிவிடும்.

விதி வேறுபாடும் எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. மூன்று புள்ளிக் கோடு 2019-20 முதல் இரண்டு பக்கமும் 6.75 மீட்டர்தான், அதில் பயமில்லை. ஆனால் பந்தை எறிந்துவிட வேண்டிய கெடுவான ஷாட் கிளாக் ஃபிபாவில் 24 வினாடி, கல்லூரியில் 30. ஃபிபாவில் எறிந்த பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால், வளையத்துக்கு நேர் மேலே இருந்தாலும் யாரும் தட்டலாம். கல்லூரியில் அது விதிமீறல். அப்படித் தட்டியே ரீபவுண்டும் பிளாக்கும் சேர்த்த சென்டரின் எண்ணிக்கை அங்கே குறையும். கூடைக்கு முன்னுள்ள கட்டமும் ஃபிபாவில் 4.9 மீட்டர் அகலம், கல்லூரியில் 3.66. அதனால் உள்ளே முதுகு காட்டி ஆடும் சென்டர் இன்னும் நெருக்கத்தில் பந்து வாங்கலாம், அது அவனுக்கு லாபம்.

வீடியோ கேட்கும்போது தொகுப்புத் துண்டுகள் வேண்டாம். முழு ஆட்டங்கள் ஐந்து போதும்: வென்றது இரண்டு, தோற்றது இரண்டு, பெரியவர்களோடு ஆடியது ஒன்று. கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் பந்தில்லாத பக்கத் தடுப்பு வீடியோவில் சரியாகத் தெரியாது. அதற்கு நேரில் போகத்தான் வேண்டும். போனால் வார்ம்-அப்புக்கு முன்பே போங்கள். தடுப்பில் அவன் வாய் திறந்து பேசுகிறானா, வெளியே எடுக்கும்போது கோச்சின் முகத்தைப் பார்க்கிறானா, உட்கார்ந்தபின் ஆட்டத்தைப் பார்க்கிறானா, மொபைலைத் தேடுகிறானா என்று பாருங்கள். உயரத்தை அணிப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளாமல், சுவரோரம் ஷூ இல்லாமல் நிற்கவைத்து டேப் வைத்து அளக்க வேண்டும். கை விரிப்பையும், நின்றபடி கை தூக்கி எட்டும் உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஃபிபா வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குவதால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணியில் இருப்பார்கள். பந்தயத்தில் சமமாகத் தெரிந்தால் டிசம்பர்ப் பையனிடம் வளர்ச்சி மிச்சம் இருக்கிறது.

இதற்கெல்லாம் பிறகு அவனுடைய இப்போதைய கோச்சோடு ஒரு போன். ‘பையன் எப்படி’ என்று கேட்டால் ‘நல்ல பையன்’ என்பார். ‘கடைசி இரண்டு நிமிடத்தில் அவனைக் களத்தில் வைப்பீர்களா, எந்த எதிராளிக்கு எதிராக வெளியே எடுப்பீர்கள், காயத்துக்காக எத்தனை வாரம் பயிற்சியை விட்டான்’ என்று கேட்டால் உருப்படியான பதில் வரும். காயம் பற்றிய பதிலை மருத்துவ அறிக்கையோடு ஒப்பிட மறக்க வேண்டாம்.

விசா கடைசியில் வந்தாலும் தொகை பேசும்போதே அதையும் பேச வேண்டும். எஃப்-1 மாணவர் விசாவில் வேலைக்குக் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்க மண்ணில் நின்று விளம்பரத்தில் நடித்துப் பணம் வாங்குவது விசாவுக்கே ஆபத்து. கென்டக்கியின் வெளிநாட்டு வீரர் ஆஸ்கர் ஷீப்வே 2022 கோடையில் பஹாமாஸில் இருந்தபோது விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டது அதனால்தான். ‘இவ்வளவு லட்சம் தருகிறோம்’ என்று வாய்மொழியாகச் சொல்லும் கல்லூரியிடம், வெளிநாட்டு மாணவருக்கு அது எந்த வழியில் வரும் என்று குடிவரவு வக்கீலின் எழுத்தோடு கேளுங்கள். விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் கோடை வகுப்புத் தொடங்கும் தேதி இருக்க வேண்டும். இலையுதிர்காலத் தேதி போட்டுவிட்டால், விசா கையில் இருந்தாலும் அந்தத் தேதிக்கு 30 நாள் முன்புதான் நாட்டுக்குள் நுழைய முடியும். அணி ஜூனிலேயே பயிற்சியைத் தொடங்கியிருக்கும். வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர். அதைக் கட்டிய ரசீது இல்லாமல் தூதரக நேர்காணலுக்குப் போகக் கூடாது.