சொல் விளக்கம்: முன்னுரிமையும் முதற்பணியும்

ஊர்ப்புறக் காவலைப் பற்றித் தமிழில் வரும் அறிவிப்பு, படிவம், பயிற்சிக் கையேடு எதை எடுத்தாலும் 'காவல் முன்னுரிமைகள்' என்ற தொடர் வந்து நிற்கிறது. 'கிராமக் காவல் முன்னுரிமைகள்', 'இந்தக் காலாண்டின் முன்னுரிமைகள்', 'முன்னுரிமைப்படுத்தப்பட்ட குற்றங்கள்'. கடைசித் தொடரை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். குற்றத்துக்கே முன்னுரிமை கொடுத்தாகிவிட்டது. எழுதியவர் சொல்ல வந்தது அதுவல்ல என்று நமக்குத் தெரியும். ஆனால் எழுதியிருப்பது அதுதான்.

மூலச்சொல்லை விரைவாகப் பார்த்துவிடலாம். முன்னுரிமைக்கு மூலமான ஆங்கிலச் சொல் 'பிரையாரிட்டி'. அது லத்தீனில் 'முந்தைய', 'முன்னால் இருக்கிற' என்று பொருள்படும் 'பிரியோர்' என்ற சொல்லின் வழிவந்தது. கிறித்தவத் துறவு மடத்தின் தலைவர் ஒருவரை 'பிரியோர்' என்று அழைப்பதும் அதே வேர்தான். பிரெஞ்சில் 'பிரியோரித்தே'. காலத்தால் முந்துவது, தகுதியால் முந்துவது, இன்னொருவருக்கு முன்னால் பெறும் உரிமை, முதலில் கவனிக்க வேண்டிய காரியம் என்று அதன் பொருள் கிளைத்தது. நம் ஆட்கள் மூன்றாவது பொருளுக்கு ஒரு சொல்லைச் செய்துகொண்டு, அதையே நான்காவதன் தலையிலும் கட்டிவிட்டார்கள். என் குறையெல்லாம் இதுதான்.

முன்னுரிமை கெட்ட சொல் இல்லை. தன் இடத்தில் அது அருமையான சொல். ரேஷன் கடையில் 'முன்னுரிமைக் குடும்ப அட்டை' என்றால் யாருக்கும் குழப்பமில்லை. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்தக் குடும்பத்துக்கு ஓர் உரிமை இருக்கிறது. அட்டை அதைச் சொல்கிறது. நிறுவனப் பங்குகளில் முன்னுரிமைப் பங்கு உண்டு. அதை வைத்திருப்பவருக்கு ஈவுத்தொகை முதலில் சேர வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களைக் கேட்டால் 'பிரியோரித்தே ஆ துருவாத்' என்ற பிரெஞ்சுச் சாலை விதியைச் சொல்வார்கள்: சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவர் முதலில் போகலாம். இதைத் தமிழில் 'வலப்பக்கத்தாருக்கு முன்னுரிமை' என்று எழுதினால் கச்சிதமாக உட்காரும். இந்த மூன்றிலும் பொதுவாக என்ன இருக்கிறது? உரிமையைப் பெற்றுக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார். உரியவர் இருந்தால்தான் உரிமை. உரி, உரிய, உரித்து, உரிமை என்று அந்தச் சொல்குடும்பமே 'யாருடையது' என்ற கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. தாய்மாமனுக்கு உரிமை உண்டு, பங்காளிக்கு உரிமை உண்டு. மணல் திருட்டுக்கு என்ன உரிமை?

'மணல் திருட்டு காவல்துறையின் முன்னுரிமை' என்று எழுதுகிறார்கள். தமிழ் இலக்கணப்படி இதற்கு ஒரே பொருள்தான் வரும்: மணலைத் திருடுவதில் காவல்துறைக்கு முதல் உரிமை உண்டு. 'திருட்டைத் தடுப்பது' என்று திருத்தினாலும் கோணல் போகாது. தடுப்பது காவல்துறையின் கடமை. கடமையை உரிமை என்று எழுதுவது சொற்பிழை என்ற அளவில் நிற்காது, பொருளையே தலைகீழாக்கிவிடும்.

இதை ஏட்டுச் சண்டை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. புதுச்சேரியில் பாகூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நடந்த கூட்டத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'தங்கள் பகுதிக்கான காவல் முன்னுரிமைகளை வரிசைப்படுத்துக' என்று அச்சடித்திருந்தது. கீழே ஐந்து கோடுகள். படித்துக் காட்டியதும் பெரியவர் ஒருவர் எழுந்து, "யாருக்கு சார் முன்னுரிமை குடுக்கப் போறீங்க? ஊருக்கா, காலனிக்கா?" என்று கேட்டார். கூட்டம் சட்டென்று அடங்கிப்போனது. அவர் கேட்டதில் தவறே இல்லை. படிவத்தில் இருந்த சொல்லுக்கு அவர் சரியான பொருளைத்தான் எடுத்துக்கொண்டார். திருவிழாவில் முதல் பரிவட்டம் யாருக்கு, தேர் எந்தத் தெருவுக்கு முதலில் வரும் என்பதற்கே மண்டை உடைகிற ஊர்களில், காவல் நிலையம் 'முன்னுரிமை' என்று சொன்னால் ஜனங்கள் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள்? 'எதை முதலில்' என்று கேட்க வந்தவர்கள் 'யாரை முதலில்' என்று கேட்டுவிட்டார்கள். அப்புறம் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரின் தாளை எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பின்வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர்தான் அதை வேறுமாதிரி கேட்டார்: "நம்ம ஊருக்கு போலீஸ் வந்தா முதல் வேலையா எதைப் பாக்கணும்? அதைச் சொல்லுங்க." உடனே வாய்கள் திறந்தன. போர்வெல் மோட்டார் ஒயர் என்றார் ஒருவர். மடித்து எடுத்து வந்திருந்த கேபிளையும் காட்டினார்: வெட்டிக்கொண்டு போனவர்கள் வாய்க்கால் ஓரத்தில் எரித்துச் செம்பை உருவிக்கொண்டபின் விட்டுப்போன கருகிய உறை, கையில் பட்டால் கரி ஒட்டியது. பள்ளிக்கூட வாசலில் பைக்கை முறுக்குகிற பையன்கள் என்றார்கள் பெண்கள். கிடையில் ஆடு காணாமல் போவது, ராத்திரி மதகடியில் நடக்கிற குடி, தெருவிளக்கு இல்லாத சுடுகாட்டுப் பாதை. கேள்வி அதேதான், சொல் மட்டும் மாறியது.

ஊராரைக் கேட்டுக் காவல் வேலைகளை வரிசைப்படுத்துகிற வழக்கம் இங்கிலாந்தில் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் ஒவ்வோர் ஊர்ப் பகுதிக்கும் ஒரு சிறு காவலர் குழு உண்டு. அந்தக் குழு அவ்வப்போது ஊராரைக் கூட்டி, அடுத்த சில மாதங்களுக்கு எதை முதலில் கவனிப்பது என்று பேசி முடிவெடுத்து ஊருக்குச் சொல்கிறது. ஊராரைக் கலந்து பேச வேண்டும் என்பதை 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காவல் தலைமைக்குக் கடமையாகவே வைத்திருக்கிறது. அங்கே கிராமங்களில் இரண்டு மூன்று விஷயங்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள்: ஊர்ச்சாலையில் வேகம், பண்ணையில் டிராக்டரும் டீசலும் திருடு போவது, நாய்களை விட்டு முயல் துரத்துகிற கும்பல்கள் வயலை நாசமாக்குவது. இவற்றைத்தான் 'பிரையாரிட்டிஸ்' என்கிறார்கள். செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை அது. யாருடைய உரிமையைப் பற்றியும் அதில் பேச்சில்லை.

சரி, முன்னுரிமை நிலைத்துவிட்ட சொல், பொருள் விரிந்துவிட்டது, இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. சொற்பொருள் விரியும், மறுக்கவில்லை. ஆனால் பழைய பொருள் செத்த பிறகோ, புதியது வேறு சூழலில் தனியாக வாழும்போதோதான் அந்த விரிவு சுகமாக இருக்கும். இங்கே இரண்டும் ஒரே தாளில் மோதுகின்றன. 'முதியோர், பெண்கள் தரும் புகார்களுக்கு முன்னுரிமை' என்று ஒரு வரி. இது சரியான சொல்லாட்சி, ஏனென்றால் அங்கே ஆள் இருக்கிறார். அடுத்த வரியில் 'இப்பகுதியின் முன்னுரிமை: சாராயம்'. ஒரே சொல்லை இரண்டு வரியிலும் படிக்கிறவர் என்ன செய்வார்? மொழிபெயர்ப்பாளருக்குக் கையில் ஆங்கில மூலம் இருக்கிறது, அவருக்குக் குழப்பம் இல்லை. கிராமத்தில் படிக்கிறவருக்குத் தமிழ் மட்டும்தான் இருக்கிறது.

'முக்கியத்துவம்' போட்டால் போகிறது என்பார்கள் சிலர். வடமொழி என்பதற்காக அதை நான் தள்ளவில்லை. தூய்மை மட்டும் ஒரு சொல்லைக் காப்பாற்றிவிடாது. முன்னுரிமை முழுக்கத் தமிழ், இருந்தும் பொய் சொல்கிறது. 'ஹெட் கான்ஸ்டபிள்' தேய்ந்து வந்த 'ஏட்டு' முழுக்க இரவல், இருந்தும் அந்த ஆளை அப்படியே கண்முன் நிறுத்துகிறது. முக்கியத்துவத்தை நான் வேண்டாம் என்பது அது வரிசையைச் சொல்லாததால். கொலை முக்கியமான குற்றம்தான். ஆனால் கொலையே நடக்காத ஊரில் காவலர் முதலில் பார்க்க வேண்டியது மோட்டார் ஒயராக இருக்கலாம். வேலையின் வரிசை இடத்துக்கு இடம் மாறும். தென்பெண்ணையாற்றங்கரை ஊர்களையே பாருங்கள். கடலூர் மாவட்டத்து எல்லையில், புதுச்சேரியிலிருந்து மலிவாக வாங்கிக் கடத்தி வருகிற பாட்டிலைப் பிடிப்பது காவலரின் அன்றாட வேலை. அதற்காகவே சோதனைச் சாவடிகள். முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் அதே பாட்டில் கடையில் முறையாக விற்கும் சரக்கு. அங்கே குடித்துவிட்டு ராத்திரியில் வரும் வம்பும் விபத்தும்தான் முன்னுக்கு நிற்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனபின் கள்ளச்சாராயம் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டது. அதன் முக்கியத்துவம் முன்பும் குறைவாக இல்லை. வரிசைதான் மாறியது.

'முதன்மை' சொல்வாரும் உண்டு. அது பதவியைச் சொல்கிற சொல்: முதன்மைச் செயலாளர், முதன்மைக் கல்வி அலுவலர். வேலைக்கு வைத்தால் தலைமை என்று கேட்கும். 'முன்னிலை'யை இலக்கணமும் தேர்தல் முடிவும் பிடித்துக்கொண்டன.

எனக்குப் பிடித்த சொல் நாம் எல்லோரும் வீட்டில் சொல்வதுதான். 'காலையில எழுந்ததும் முதல் வேலையா அந்த கரண்ட் பில்லைக் கட்டு.' முதல் வேலை. ஆயிரம் வேலை இருந்தாலும் இதை முதலில் முடி, மற்றது பிறகு என்ற பொருள் முழுதும் அதில் இருக்கிறது. உரிமை பேசவில்லை, பதவி பேசவில்லை. அரசு எழுத்துக்குக் கொஞ்சம் விறைப்பு வேண்டுமென்றால் 'முதற்பணி' என்று எழுதலாம். 'கிராமக் காவலின் முதற்பணிகள்' என்றால் ஒரு குழந்தைக்கும் புரியும். வேலையைச் சொல்லாமல் கவனத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'முதற்கவனம்': 'இந்த மாதம் மின்மோட்டார்த் திருட்டுக்கு முதற்கவனம்.' முதற்பணி என்றால் ஒருவர் சேர்ந்த முதல் உத்தியோகம் என்று தோன்றாதா என்று ஒரு நண்பர் கேட்டார். 'என் முதற்பணி சிதம்பரத்தில்' என்றால் அப்படித் தோன்றும்; 'காவல் நிலையத்தின் முதற்பணி' என்றால் தோன்றாது. காவல் நிலையம் உத்தியோகம் மாறிப் போவதில்லை.

பெயர் வைக்கும்போது கேட்கிறவர் காதை நினைக்காத பழக்கம் இந்தத் துறையில் புதிதல்ல. காவலருக்கு உதவும் தன்னார்வலர் அமைப்பாக 1993-இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய 'போலீஸ் நண்பர்கள் குழு'வை 2020-இல் தமிழக அரசு தடை செய்தது. தடைக்குக் காரணம் வேறு. ஆனால் அந்தப் பெயர் இருந்த நாளெல்லாம் 'அப்போ மத்தவங்க போலீசுக்கு யாரு?' என்ற கேள்வியும் கூடவே இருந்தது. இப்போது 'அண்டை அயல் காவல்' என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. அண்டை என்றால் பக்கத்து வீடு, பக்கத்து நாடு. பக்கத்து வீட்டைக் காவல் காக்கிறார்களா, பக்கத்து வீட்டிடமிருந்து காவல் காக்கிறார்களா? 'ஊர்க்காவல்' என்று சொல்லியிருக்கலாம், அதை ஊர்க்காவல் படை எடுத்துக்கொண்டது. 'பகுதிக் காவல்' போதுமே.

இந்தப் படிவங்களை மொழிபெயர்க்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் ஆங்கிலத்தை மூடி வைத்துவிட்டுத் தமிழை மட்டும் உரக்கப் படியுங்கள்; முடிந்தால் அந்தத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். 'உயர் முன்னுரிமை', 'நடுத்தர முன்னுரிமை', 'குறைந்த முன்னுரிமை' என்று புகார்ச் செயலிகளில் வருகிறதே, அதைப் படித்துக் காட்டியிருந்தால் அன்றைக்கே போயிருக்கும். முன் என்று சொன்ன பிறகு அதில் குறைந்த முன் எது? புகார் கொடுக்க வந்தவர், தனக்கு உரிமை குறைவு என்றுதான் அதைப் படிப்பார். 'உடனே பார்க்க வேண்டியது', 'அடுத்துப் பார்க்க வேண்டியது', 'பொறுத்துப் பார்க்கலாம்' என்று மூன்று வரி போடுங்கள்.