மக்கள் அறிவியல்: 'குடிமக்கள்' இங்கே எதற்கு?

பறவைக் கணக்கெடுப்பு, யானை நடமாட்டப் பதிவு, வண்ணத்துப்பூச்சிப் பட்டியல் என்று எதைப் பற்றி எழுதினாலும் 'குடிமக்கள் அறிவியல்' என்ற சொல் வந்து நிற்கிறது. சிட்டிசன் சயன்ஸ் என்பதற்கு இப்படியொரு மொழிபெயர்ப்பு. அதில் பங்கெடுப்பவர் 'குடிமக்கள் விஞ்ஞானி'யாம். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. பிழையான சொல்லாக்கம் இது. கைவிட்டு, 'மக்கள் அறிவியல்' என்றே சொல்ல வேண்டும்.

ஆய்வைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் இயற்கையைக் கவனித்து, ஒரு முறைக்கு உட்பட்டுப் பதிவு செய்து, அந்தத் தரவை ஆய்வுக்குத் தருவதுதான் இதன் பொருள். வழக்கம் பழையது. அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1900-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பில் 27 பேர் கலந்துகொண்டார்கள். அது இன்றும் நடக்கிறது. 'சிட்டிசன் சயன்ஸ்' என்ற சொல்தான் புதியது. 1990-களின் நடுவில் பிரிட்டனில் சமூகவியலாளர் ஆலன் இர்வினும் அமெரிக்காவில் பறவை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரிக் போனியும் ஆளுக்கொரு பொருளில் அதைப் பரப்பினார்கள். மக்களின் கவலைகளுக்கு அறிவியல் பதில் சொல்ல வேண்டும் என்றார் இர்வின். மக்கள் தரவு சேகரித்து அறிவியலுக்குக் கைகொடுப்பதை அப்படி அழைத்தார் போனி. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2014-இல் அதைச் சேர்த்துக்கொண்டது. சிட்டிசன் என்பதற்கு முதற்பொருள் நகரவாசி, வேர் லத்தீன். சரி, அது போகட்டும்.

நம் 'குடி'யைப் பார்ப்போம். குடும்பம், குலம், ஆளப்படுவோர் என்று அதற்குப் பல பொருள். 'படைகுடி கூழ்அமைச்சு நட்பரண் ஆறும்' என்ற குறளில் குடி, அரசனின் உடைமைப் பட்டியலில் இரண்டாவதாக வருகிறது. 'குடிமை' அதிகாரமோ நற்குடிப் பிறப்பைப் பேசுகிறது. இன்றைய வழக்கில் குடிமக்கள் என்றதும் குடியுரிமையும் வாக்குரிமையும் பாஸ்போர்ட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. எல்லாமே ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் உள்ள உறவு. ஒரு குளக்கரையில் நின்று நாரைகளை எண்ணுபவருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அவர் செய்வதைக் கிட்டே போய்ப் பார்த்தால் புரியும். பறவைப் பதிவுகளைச் சேர்ப்பதற்காக 2002-இல் தொடங்கிய ஈபேர்டு இணையதளத்தில் ஒரு பட்டியல் இட வேண்டும் என்றால் எந்த இடம், எப்போது தொடங்கினோம், எவ்வளவு நேரம் பார்த்தோம், எவ்வளவு தூரம் நடந்தோம், எந்தப் பறவை எத்தனை என்று கேட்கும். கடைசியில் ஒரு கேள்வி: அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிவு செய்தீர்களா? 'ஆம்' என்றால்தான், பட்டியலில் இல்லாத பறவை அப்போது அங்கே தென்படவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ள முடியும். ஓர் இனம் குறைகிறதா பெருகுகிறதா என்ற கணக்கு இந்த 'ஆம்' மேல்தான் நிற்கிறது. இத்தனை கேள்விகளில் நீ எந்த நாட்டுக் குடிமகன் என்பது இல்லை. மங்கோலியாவில் முட்டையிட்டு இந்தியாவில் குளிர்காலம் கழிக்கும் வரித்தலை வாத்தை இரு நாட்டாரும் எண்ணுகிறார்கள். அகதியும் எண்ணலாம், வாக்களிக்கும் வயது வராத சிறுமியும் எண்ணலாம்.

'சட்டப் பொருளில் சொல்லவில்லை, சாதாரண மனிதர் என்றுதான் சொல்கிறோம்' என்பார்கள். சாதாரண மனிதரைச் சொல்ல 'மக்கள்' இருக்கும்போது 'குடி' எதற்கு? சிட்டிசன் என்பது புலம்பெயர்ந்து வந்தவர்களை வெளியே நிறுத்துகிறது என்று ஆங்கிலத்தார்க்கே உறுத்தியிருக்கிறது. பறவைப் பாதுகாப்புக்கான அமெரிக்க அமைப்பான ஆடுபான் சங்கம் 'கம்யூனிட்டி சயன்ஸ்' என்று மாறிக்கொண்டது. அமெரிக்காவில் இத்துறைக்கான சங்கமே 2023-இல் சிட்டிசனைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. அவர்கள் கழற்றிவிட்டதை நாம் இன்னும் சுமக்கிறோம்.

அப்புறம், கம்யூனிட்டி சயன்ஸைச் 'சமூக அறிவியல்' என்று எழுதுவது இன்னும் மோசம். வரலாறும் புவியியலும் படிக்கிற பள்ளிப் பாடத்தின் பெயர் அது. 'பங்கேற்பு அறிவியல்' பிழையில்லை; ஆனால் கருத்தரங்க வாடை அடிக்கிறது.

'மக்கள் அறிவியல்' என்றால் அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்லும் இயக்கங்களோடு குழம்பாதா என்று கேட்கலாம். இடம் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் புதிதில்லை. இர்வின் சொன்ன பொருளையும் போனி சொன்ன பொருளையும் சேர்த்துத் தாங்குவது இந்தச் சொல் மட்டும்தான்.

இன்னொரு மனக்குறையும் உண்டு. இத்தகைய கணக்கெடுப்பு நடந்தால் 'விழிப்புணர்வு நிகழ்ச்சி, தன்னார்வலர்கள் பங்கேற்பு' என்று செய்தி வருகிறது. மக்கள் எதையோ கற்றுக்கொள்ள வந்ததுபோல. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. 178 இனங்களைக் காப்பதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. அதற்கு அடிப்படை, 30,000-க்கும் மேற்பட்டவர்கள் தந்த சுமார் 3 கோடி பதிவுகள். விழிப்புணர்வு பெற்றது யார், தந்தது யார்? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிடாமல், ஒரு பட்டியலையாவது இட்டுப் பார்த்துவிட்டு எழுதலாம்.

பங்கெடுப்பவரை என்னவென்று அழைப்பது? 'மக்கள் விஞ்ஞானி' கனக்கிறது. 'பதிவாளர்' அலுவலகப் பதவி, 'பதிவர்' வலைப்பூ எழுதுபவர். பறவை நோக்கர் என்பது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதே வழியில் யானைத் தடத்தையும் தவளைக் குரலையும் குறித்துக்கொள்பவரை 'இயற்கை நோக்கர்' என்று சொல்லலாம்.