கடைசியாக எப்போது லீவு எடுத்தீர்கள்?

மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை என்று வருகிறவர்களிடம் உப்பு, தூக்கம், நடைப்பயிற்சி பற்றியெல்லாம் விசாரித்துவிட்டு இந்தக் கேள்வியையும் கேட்பேன். பலருக்குச் சட்டென்று பதில் வராது. கொஞ்சம் யோசித்து, வீட்டு விசேஷத்துக்கு எடுத்தேன், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எடுத்தேன், வீடு மாறும்போது எடுத்தேன் என்பார்கள். அலுவலகக் கணக்கில் இவை விடுப்புதான். உடம்பின் கணக்கில் இவையும் வேலை நாட்களே.

நெருக்கடி நேரத்தில் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரப்பதில் தவறில்லை. காரியம் முடிந்ததும் அவை தணிய வேண்டும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் வேலையிலேயே இருந்தால் அந்த இறக்கம் சரியாக நடப்பதில்லை. வருடக்கணக்கில் இப்படிப் போனால் இதயம்தான் விலை கொடுக்கும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் ஒரு கணக்கை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். மாரடைப்பு போன்ற இதய நோய்களால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம்.

விடுப்பைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் ஆய்வு பின்லாந்தின் ஹெல்சின்கியில் நடந்தது. 1974, 75 ஆண்டுகளில் நடுத்தர வயது ஆண் நிர்வாகிகள் 1,222 பேரைச் சேர்த்தார்கள். எல்லாருக்கும் புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், கொழுப்பு என்று இதய நோய்க்கான காரணம் ஒன்றாவது இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகள் உணவு, உடற்பயிற்சி பற்றித் தொடர்ந்து ஆலோசனை, தேவைப்பட்டால் மருந்து. ஆபத்துக் காரணங்கள் நன்றாகவே குறைந்தன. ஆனால் பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், ஆலோசனை பெற்ற குழுவில்தான் இறப்பு கூடுதலாக இருந்தது! இது ஏன் என்று பிறகு பழைய விவரங்களைத் துருவினார்கள். முடிவு 2018-ல் வெளிவந்தது. ஆலோசனை பெற்ற குழுவில் வருடத்துக்கு மூன்று வாரமோ அதற்குக் குறைவாகவோ விடுப்பு எடுத்தவர்கள் 2004-க்குள் இறக்கும் வாய்ப்பு, அதைவிட அதிகம் எடுத்தவர்களைக் காட்டிலும் 37 சதவீதம் கூடுதல். அவர்கள் அதிக நேரம் வேலை செய்தவர்கள், குறைவாகத் தூங்கியவர்கள். ஆலோசனை பெறாத மற்ற குழுவில் விடுப்பால் இந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே லீவு எடுத்தால் ஆயுள் நீளும் என்று இதை வைத்து நான் உறுதி கூற மாட்டேன். ஓய்வே இல்லாத ஒருவருக்கு டயட், உடற்பயிற்சி என்று மேலும் கடமைகளை மட்டும் ஏற்றிவிட்டால் போதாது என்பதை இது எனக்குக் காட்டியது.

சரி, எவ்வளவு நாள் எடுப்பது? நெதர்லாந்தில் ஜெசிகா டி ப்ளூம் என்ற ஆய்வாளரின் குழுவினர் நீண்ட விடுமுறை எடுத்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். உடலும் மனமும் நன்றாக இருக்கிற உணர்வு படிப்படியாக ஏறி, எட்டாவது நாள் வாக்கில் உச்சம் தொட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள்ளேயே பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. இதைக் கேட்டதும் சிலர், அப்புறம் எதற்கு லீவு என்கிறார்கள். நேற்று தூங்கியதால் இன்று தூங்காமல் இருந்துவிட முடிகிறதா? ஓய்வைச் சேமித்து வைக்க வழியில்லை என்றுதான் இதற்குப் பொருள். ஐந்து வருடம் காத்திருந்து ஒரு பெரிய பயணம் போவதைவிட, வருடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் நீளும் விடுப்பு ஒன்றும் இடையிடையே சின்ன விடுப்புகளும் நல்லவை என்று நான் சொல்வது இதனால்தான்.

எங்கே போகிறீர்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. வேலையிலிருந்து மனம் விடுபடுகிறதா என்பதே முக்கியம். காலையும் மாலையும் அலுவலக மின்னஞ்சலைத் திறக்கிறவர் எந்த மலையில் இருந்தாலும் வேலையில்தான் இருக்கிறார். அவசரத்துக்கு ஒரே ஒரு ஆள் மட்டும் அழைக்கலாம் என்று முன்பே பேசி வைத்துவிட்டு மற்றதை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குடும்பமாகப் போகும் பயணங்களில் பெட்டி கட்டுவது, குழந்தைகளுக்கு ஊட்டுவது, மருந்து நேரத்தை நினைவில் வைப்பது எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள் தலையில் விழுகிறது. எல்லாரும் தெம்பாகத் திரும்ப, அந்த ஒருவர் மட்டும் போனதைவிடக் களைத்து வருகிறார். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் நடந்த இதய நோய் ஆய்வில் பெண்களை 20 ஆண்டுகள் கவனித்தபோது, அரிதாகவே விடுமுறை போன இல்லத்தரசிகளுக்கு மாரடைப்பு ஆபத்து அதிகமாக இருந்தது. வீட்டு வேலைக்கு லீவு கிடையாது என்பதைப் பெருமையாகப் பேசுவதை நாம் நிறுத்த வேண்டும். பயணத்தில் பாதி நாட்களாவது வேறொருவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும்.

நாள்பட்ட நோய் உள்ளவர்கள் மருந்தையும் இன்சுலினையும் கைப்பையில் வையுங்கள். விமானத்தில் சரக்கோடு போகும் பெட்டியில் வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். இடையில் எழுந்து நடங்கள். விடுமுறைதானே என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பத்து நாள் நிம்மதியாக இருந்தும் சோர்வு போகவில்லை, தூக்கம் வரவில்லை, பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அடுத்த லீவுக்குத் தேதி பார்க்காதீர்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மனச்சோர்வு என்று எதுவாகவும் அது இருக்கலாம். லீவு எடுத்தும் சரியாகவில்லை என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். எதைப் பரிசோதிக்க வேண்டும் என்று முடிவுசெய்ய அந்தத் தகவல் எங்களுக்கு மிகவும் உதவும்.