லூக்கோட்ரையீன்: சொல் விளக்கம்

ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவில் மூச்சுக்குழலை இறுக்கி, சளியைப் பெருக்கி, உட்சுவரை வீங்கவைக்கும் வேதிப்பொருள்களின் குடும்பப் பெயர் லூக்கோட்ரையீன்.

கிரேக்கத்தில் 'லூக்கோஸ்' என்றால் வெள்ளை. இங்கே அது இரத்த வெள்ளணுவைச் சுட்டுகிறது. 'ட்ரையீன்', கார்பன் அணுக்களுக்கிடையே ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த மூன்று இரட்டைப் பிணைப்புகள். 1979இல் இப்பெயரைத் தந்தவர் சுவீடனின் உயிர்வேதியியலாளர் பெங்ட் சாமுவெல்சன். 1982இல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டவர். சி4, டி4, ஈ4 என்ற வகைப்பெயர்களில் வரும் 4, மொத்த இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கை. மூன்றா நான்கா என்று மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இதற்கு முன்பே ஒரு பெயர் இருந்தது. 1938இல் ஆய்வாளர்கள் ஃபெல்ட்பெர்க்கும் கெல்லவேயும் விலங்கு நுரையீரலுக்குள் நாகப்பாம்பு நஞ்சைச் செலுத்தினார்கள். வெளிவந்த பொருள், சோதனைக்கு வைத்த குடல்தசையை மெதுவாகச் சுருக்கி, நெடுநேரம் விடாமல் பிடித்தது. ஒவ்வாமையின்போது உடல் சுரக்கும் இன்னொரு வேதிப்பொருளான ஹிஸ்டமின் சட்டென்று சுருக்கிச் சட்டென்று விட்டுவிடும், இது வேறு. ஆகவே 'மெல்ல வினைபுரியும் பொருள்' என்றார்கள். எனக்கென்னவோ பழைய பெயரே பிடிக்கிறது. இழுப்பு வந்தவர் படும் பாட்டை அது சொல்லிவிடுகிறது; புதிய பெயரோ மூலக்கூறின் வடிவத்தோடு நின்றுவிடுகிறது. போதாததற்கு, இப்பொருளை வெள்ளணுக்கள் மட்டுமல்ல, நுரையீரல் திசுவில் தங்கும் மாஸ்ட் செல்களும் சுரக்கின்றன.

தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வெள்ளணு மூவிரட்டையம்' என்று வரும். யாரும் சொல்லப்போவதில்லை. வேதிப்பெயரை ஒலிபெயர்ப்பாகவே விட்டு, இத்தகைய பொருள்களுக்கான பொதுப்பெயரை மட்டும் 'ஒவ்வாமை வேதித்தூது' எனத் தமிழாக்கலாம் என்பது என் பரிந்துரை.

மூச்சுக்குழலைச் சுருக்குவதில் லூக்கோட்ரையீன் ஹிஸ்டமினைவிடப் பன்மடங்கு வலியது. தும்மலுக்குக் கேட்கும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை ஆஸ்துமாவுக்குப் போதாமல் போவதற்கு இது ஒரு காரணம். சிலருக்கு ஆஸ்பிரின் இழுப்பைக் கிளப்புவதிலும் இதற்குப் பங்குண்டு.

மருந்துக்கடைகளில் கிடைக்கும் மான்டெலுகாஸ்ட், செல்லின் மேல் லூக்கோட்ரையீன் வந்து பற்றும் இடமான ஏற்பியை மறிக்கிறது. பெயரின் ஈற்றில் உள்ள 'லுகாஸ்ட்' இவ்வகை மருந்துகளுக்கான பொது அடையாளம். இதை நாள்தோறும் எடுக்க வேண்டும். திடீர் இழுப்பை இது நிறுத்தாது, அதற்கு உடனடி நிவாரண இன்ஹேலர்தான். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டின் இடத்தையும் இது பிடிப்பதில்லை. மனநிலை மாற்றம், தற்கொலை எண்ணம் போன்ற பக்கவிளைவுகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இதன் மருந்து விவரக்குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது.