மடியில் குழந்தை, முன்னால் காற்றுப்பை: சிறார் இருக்கை விதி ஏன் வந்தது?

ஞாயிறு காலையில் மலேசியாவின் சுங்கை சிப்புட் சந்தைக்குச் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் கார்களில், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர்ந்திருக்கும் தாய்மாரைக் காணாத வாரமே இல்லை. அன்பினால் செய்கிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் தலைக்கு எதிரே, டேஷ்போர்டு மூடிக்குள், காற்றுப்பை (ஏர்பேக்) மடிந்து கிடக்கிறது.

மோதலின் திடீர் வேகக்குறைவை உணரி (சென்சார்) கண்டுகொண்டதும், மின்சமிக்ஞை பாய்ந்து, பையை ஊதவைக்கும் ஊதுகலத்தின் வேதிப்பொருள் எரிந்து வாயுவாகிறது. ஏறத்தாழ 0.03 விநாடியில், அதாவது கண் இமைப்பதற்குள், பை விரிந்துவிடுகிறது. விரிந்த பை துளைகள் வழியே வாயுவை வெளியேற்றித் தளரும்போதுதான் முகத்தை மெத்தென்று தாங்குகிறது. விரியும் கணத்திலோ அது ஓங்கி விழும் அடிதான். இருக்கைப் பட்டை அணிந்து, முதுகைச் சாய்த்து அமர்ந்த பெரியவருக்காக வடிவமைக்கப்பட்ட அந்த வேகத்தை மடியிலுள்ள பிஞ்சுக் கழுத்து தாங்காது. பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கையைக்கூட, இயங்கும் காற்றுப்பைக்கு முன்னால் ஒருபோதும் வைக்கக் கூடாது.

பின்னிருக்கைப் பயணிகளும் பட்டை அணிய வேண்டும் என்பது மலேசியாவில் 2009 ஜனவரி 1 முதல் சட்டம். தனியார் கார்களில் சிறுவர்களுக்குச் சிறார் பாதுகாப்பு இருக்கை கட்டாயம் என்பது 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. குழந்தையின் எடைக்கும் உயரத்திற்கும் ஏற்ற இருக்கையை, ஆர்44 அல்லது ஆர்129 என்ற தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, பின்னிருக்கையில் பொருத்துங்கள். உறவினர் வீட்டிலிருந்து கைமாறி வரும் இருக்கையானால், அது முன்பு விபத்தில் சிக்கியதா என்று கேட்டறிவது அவசியம்.

ஓட்டுநரின் மார்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே 25 செண்டிமீட்டராவது இருக்கட்டும். காற்றுப்பையைக் குறிக்கும் எஸ்ஆர்எஸ் என்ற எழுத்துகள் பொறித்த மூடியின்மீது பிள்ளையார் சிலையை ஒட்டியிருப்பவர்கள் தயவுசெய்து இடம் மாற்றுங்கள்; பை விரிந்தால் சிலை முகத்தை நோக்கித்தான் பாயும்.

பழைய கார் வாங்கியவர்களுக்கு ஓர் உரிமையும் உண்டு. காற்றுப்பைகளைத் தயாரித்த தக்காத்தா நிறுவனத்தின் ஊதுகலங்கள் சிலவற்றில் வாயு உண்டாக்கும் வேதிப்பொருளாக உள்ள அம்மோனியம் நைட்ரேட், நம்முடையதைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த தட்பவெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் சீர்கெட்டு, பை விரியும்போது கலத்தையே வெடிக்கச் செய்து உலோகச் சில்லுகளைத் தெறிக்கவிடுகிறது. மலேசியாவிலும் உயிர்கள் போயிருக்கின்றன. இந்தக் குறையைச் சரிசெய்யத் திரும்பப் பெறும் அறிவிப்பில் (ரீகால்) அடங்கிய கார்களுக்குத் தயாரிப்பாளர்கள் இலவசமாகவே மாற்றித் தருகிறார்கள். இரண்டு மூன்று கை மாறிய காரானால் அறிவிப்புக் கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்கே போயிருக்கக்கூடும். ஆகவே கடிதத்திற்குக் காத்திராமல், பதிவு அட்டையிலுள்ள சேசிஸ் எண்ணை அந்தக் கார் நிறுவனத்தின் சேவை மையத்தில் கொடுத்துக் கேளுங்கள்.